நடிகரே தயாரிப்பாளராவது சிங்கப்பூரில் சரிவருமா?

தேக்காவாசி:
வணக்கம். பல ஆண்டுகளாக வசந்தம் ஒளிவழித் தொடர்களிலும் மேடை நாடகங்களிலும் துணைப் பாத்திரங்களில் நடித்து வருகிறேன்; பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது. எனக்கென ஒரு முதன்மைப் பாத்திரத்தை எவரும் எழுதித் தரப்போவதில்லை என்று தோன்றுவதால், சேமிப்பைப் போட்டு, நானே தயாரித்து நடிக்கும் முழுநீளத் தமிழ்ப் படம் ஒன்றை எடுக்க எண்ணுகிறேன். கதை தயாராக உள்ளது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஈசூன்காரன்:
தயாரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2008ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்ற, இயக்குநர் எரிக் கூவின் ‘மை மேஜிக்’ தமிழ்ப் படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற பாஸ்கோ பிரான்சிஸ், உண்மையிலேயே மாயவித்தைக் கலைஞர். 2016இல் அதே விழாவின் விமர்சகர் வாரம் என்ற பிரிவில் திரையிடப்பட்ட கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பர்ட்’ படத்தை முதன்மை நடிகராகத் தாங்கியவர் சிவகுமார் பாலகிருஷ்ணன். இரண்டிலும் தயாரிப்புச் சுமை நடிகரின் தோளில் இல்லை. காட்சியில் அழுதுகொண்டிருக்கும்போதே, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் படமெடுக்க நகர மன்றம் அளித்த அனுமதி எத்தனை மணியோடு முடிகிறது என்று கணக்குப் பார்க்கும் ஒருவரால் நன்றாக நடிக்க முடியாது; அதைப் படத்தொகுப்பு மேசையில் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே பணம் உங்களுடையதாக இருக்கட்டும், படப்பிடிப்பு நாள்களில் முடிவெடுக்கும் அதிகாரத்தை மட்டும் வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். முதலில் குறும்படம் எடுப்பது நல்லது. அதை முடித்தவுடன் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். இணையத்தில் வெளியான படங்களை ஏற்காத விழாக்கள் பல உண்டு.

வெள்ளிக்கிழமை_வாசகி:
குறும்படம் பற்றிய அறிவுரையை நான் ஏற்கவில்லை. குறும்படத்தைப் பாராட்டுவார்கள், அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் அதன் இயக்குநரைத்தான் தேடிப்போகும். நடிகருக்குத் தேவை அவர் பெயரில் நிற்கும் ஒரு முழுநீளப் படம். தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் புதிய இயக்குநர்களின் முழுநீளப் படங்களுக்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது. நல்ல புதுமுக இயக்குநரைத் தேடிப் பிடித்தால் உங்கள் சேமிப்பு முழுவதையும் கரைக்க வேண்டியிராது.

தேக்காவாசி:
இருவருக்கும் நன்றி. தெரிந்தவரின் தயாரிப்பு நிறுவனம் ஒன்று, ஒரு தொகைக்கு முழுப் படப்பிடிப்பையும் செய்து தர முன்வந்துள்ளது. அப்படிச் செய்தால் படம் என்னுடையதுதானே?

ஈசூன்காரன்:
அவ்வாறு எண்ணிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, முதல் உரிமை அதை உருவாக்கியவருக்கே போகும். முந்தைய சட்டத்தில் நிலைமை வேறாக இருந்தது. எனவே உரிமை உங்களுக்கு மாறுவதை முன்பணம் தருவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள், தெரிந்தவர் என்பதற்காகக் கூச்சப்பட வேண்டாம். திரைக்கதைக்கும் இசைக்கும் தனித்தனி உரிமை இருப்பதால், எழுதியவரிடமும் இசையமைத்தவரிடமும் தனியே கையொப்பம் பெற வேண்டும். விநியோகஸ்தரோ இணைய ஒளிபரப்புத் தளமோ படத்தை வாங்க வந்தால், முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான். வரைவு தயாரானதும், கையொப்பமிடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.