கிடைக் குழாயில் மணல் அடியிலேயே படிகிறது, உதவுங்கள்

பாண்டி_பைனல்இயர்: திங்கட்கிழமை ரிவியூ, அவசரம். கிடைமட்டமாகத் துளையிடும் எண்ணெய்க் கிணற்றிலிருந்து பாறைத்தூள் வெளியேறுவதை அக்ரிலிக் குழாயில் காட்டுகிறோம். வெறும் தண்ணீரில் மணல் ஓரளவு நகர்ந்தது. சாந்தன் கம் போட்டுக் கெட்டியாக்கியதும் அப்படியே படுத்துவிட்டது. கெட்டி மட் (துளையிலிருந்து தூளை வெளியே கொண்டுவரும் திரவம்) தானே நன்றாகத் தூக்கும்?

கெடிலக்கரை: குழாய் விட்டம் என்ன? பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? உள்ளே டிரில் பைப்புக்குப் பதிலாக ராட் உண்டா, சுற்றுகிறதா?

நெய்வேலி_மூத்தவர்: இது அடிப்படைப் பாடம் தம்பி. நேர்க்கிணற்றில் தூள் கீழே விழ, மட் மேலே ஏறுகிறது; அங்கே கெட்டி உதவும். கிடைக்குழாயில் தூள் ஓரிரு அங்குலம் இறங்கினாலே தரை. கெட்டித் திரவம் லேமினாராக, அதாவது சுழலில்லாமல் அடுக்கடுக்காக ஓடும்; அடியில் படிந்த தூள் படுகையைக் கிளறச் சுழல் இருக்காது. ஓட்டம் லேமினாரா சுழலா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

போர்வண்டி_பண்ருட்டி: மட் எதற்கு? கம்ப்ரசர் காற்றிலேயே தூள் மொத்தமும் வெளியே வந்துவிடுமே.

நெய்வேலி_மூத்தவர்: அது பாறையில். கடலூர் மணலில் காற்று மட்டும் அடித்தால் துளை சரியும்.

போர்வண்டி_பண்ருட்டி: எங்களுக்கு மண் தெரியாதா சார்? இங்கே பெண்டோனைட் களிமண் போட்டு ரோட்டரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் காற்று. தண்ணீர் ஊறினால் சோப்பு நுரை. நுரை தூக்குகிற மாதிரி எதுவும் தூக்காது.

நெய்வேலி_மூத்தவர்: எல்லாம் நேர்த்துளை அனுபவம். இங்கே பொருந்தாது.

காவேரி_ரிக்: நுரை எண்ணெய்க் கிணற்றிலும் உண்டு, அழுத்தம் குறைந்த இடங்களில். அது இருக்கட்டும். தம்பி, திரவத்தை மாற்றும் முன் ராடைப் பாருங்கள். ராட் அடியில் படுத்திருந்தால் ஓட்டமெல்லாம் அகலமான மேல்பக்கம் போய்விடும்; கீழ் இடுக்கில் கெட்டித் திரவம் கிட்டத்தட்ட நின்றுவிடும். ராட் சுற்றினால் தூளை மேலே, வேகமாக ஓடும் பகுதிக்கு எறியும். அப்போதுதான் கெட்டித்தன்மைக்கு வேலை. துளையிடும் ரிக்கில் நீர்த்த திரவம் கொஞ்சம் அனுப்பிப் படுகையைக் கிளறுவோம், பின்னாலேயே கெட்டியானதை விட்டு வாரிவருவோம். இன்னொன்று, வெளிவரும் மட்டைச் சலிக்கும் ஷேக்கரில் தூள் வருவது நின்றுவிட்டால் துளை சுத்தம் என்று நம்பிவிடக் கூடாது. படுகை அசையாமல் உள்ளேயே கிடக்கும், குழாயை உருவும்போது பிடித்துக்கொள்ளும்.

கெடிலக்கரை: சாய்வும் வைத்துப் பாருங்கள். 45 டிகிரி வாக்கில் பம்பை நிறுத்தினால் படுகை சரிந்து இறங்கும். ரிவியூவில் காட்ட அருமையான காட்சி.

பாண்டி_பைனல்இயர்: ராட் அடியில்தான் கிடந்தது. டிரில் மெஷினை மாட்டிச் சுற்றினோம். அதே சாந்தன் கம், மணல் எழும்பிப் போகிறது. நன்றி அண்ணா.

கெடிலக்கரை: சந்தோஷம். பம்ப் அளவை இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு திரவத்தையும் ஒப்பிட முடியாது.