டிஎம்பி மக்னீசியம் பேஸ் (காரம்): வினை பாதிக்கு மேல் போகமாட்டேன் என்கிறது

ஆர்கனோமெட்டாலிக் (கார்பன்–உலோகப் பிணைப்புள்ள சேர்மங்கள்) வேலை செய்கிற அண்ணன்கள், அக்காக்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

எத்தில் 3-ஃபுளோரோபென்சோயேட்டில் ஃபுளோரினுக்கும் எஸ்டருக்கும் நடுவே இருக்கும் ஹைட்ரஜனை எடுக்க வேண்டும். பியூட்டைல் லித்தியம் எஸ்டரையே தாக்கிவிடும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. 2006-இல் ம்யூனிக்கில் வேதியியலாளர் நாக்கெலின் குழு வெளியிட்ட பேஸான டிஎம்பி (டெட்ராமெத்தில்பைப்பெரிடைல்) மக்னீசியம் குளோரைடு–லித்தியம் குளோரைடைத்தான் பயன்படுத்துகிறேன். லித்தியம் குளோரைடு கூட இருப்பதால் டிஹெச்எஃப் கரைப்பானில் நன்றாகக் கரைகிறது. டிஎம்பி பருமனானது, எஸ்டரை எளிதில் தொடாது. இதுவரை சரி.

0 டிகிரியில் வைத்து, கொஞ்சம் எடுத்து அயோடினில் குவென்ச் செய்து (வினையை நிறுத்தி) ஜிசி (வாயு நிறப்பகுப்பு) பார்த்தால் பாதி சேர்மம் அப்படியே நிற்கிறது. நேரத்தை நீட்டினால் அது குறைவதில்லை, புதுப் பீக்குகள்தான் முளைக்கின்றன. மிச்சமிருக்கும் பேஸும் அயோடினைத் தின்னும் என்று அதிகமாகவே சேர்த்தேன், பலனில்லை.

பேஸ் பாட்டில் திறந்து சில வாரம் ஆகிறது. அதன் செறிவை அறிய பென்சாயிக் அமிலத்தால் டைட்ரேட் செய்தேன், ஆனால் நிறம் மாறும் இடம் தெளிவாகப் பிடிபடவில்லை. இதற்கு நீங்கள் எந்த இண்டிகேட்டர் வைக்கிறீர்கள்?

இன்னொன்று: இரண்டு டிஎம்பி உள்ள மக்னீசியம் பேஸுக்குப் போகலாமா, ஜிங்க் பேஸுக்கா? ஜிங்க் என்றால் அப்படியே நெகிஷி கப்ளிங்குக்கு (ஜிங்க் சேர்மத்தைக் கொண்டு இரு கார்பன்களை இணைக்கும் வினை) போகலாம், ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்த ஹைட்ரஜனுக்கு அதன் வலு போதாது என்றே எனக்குப் படுகிறது. அயோடினுக்குப் பதில் கனநீர் (டியூட்டீரியம் உள்ள நீர்) ஊற்றி என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்திசைவு) பார்ப்பது நல்லதா என்றும் சொல்லுங்கள்.