பதில்: பதில்: பாப்புலேஷன் ப்ரபோர்ஷன், தமிழ்ல என்ன? நாளைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். நாளன்னைக்கு வகுப்பு, பாடக்குறிப்பு முடியல. பாப்புலேஷன் ப்ரபோர்ஷன், அதாவது மொத்தப் பேர்ல எவ்ளோ பங்குங்குறது, அந்த ஒரு சொல்லு மட்டும் தொண்டையில முள்ளா நிக்குது. 400 பேர்கிட்ட சர்வே எடுத்ததுல 224 பேர் ஆமாங்குறாங்கனு வைங்க, அது 0.56. மொத்தத்துல பாதிப்பேர்தான் ஆமாங்குறது இன்மைக் கருதுகோள் (சோதிச்சுப் பாக்க முதல்ல உண்மைனு வச்சுக்குற அனுமானம்), அதாவது 0.5. திட்டப்பிழை, அதாவது சர்வேக்கு சர்வே தற்செயலா மாறுற அளவு, 0.025; 0.56-க்கும் 0.5-க்கும் உள்ள வித்தியாசம் அதுல 2.4 மடங்கு, அதான் இசட்; 5 சதவீத அளவுக்கான எல்லை 1.96, அதைத் தாண்டிருச்சு, நிராகரிச்சாச்சு. கணக்கு ஓகே. ஆனா அந்த 0.56, 0.5-க்கெல்லாம் பேரு என்ன? விகிதசமம்னு எழுதினா பசங்க "சார், 2:3-ம் 4:6-ம் சமம்னா விகிதசமம், இங்க எது எதுக்கு சமம்?"ங்குறாங்க. முழிக்கிறேன்.

---

தம்பி, பசங்க கேட்டது நியாயம். விகிதமே வடசொல், அதுல சமம் வேற. நம்மகிட்ட பகுங்குற வேர் இருக்கே, பகுதி, பங்கு, பாதி எல்லாம் அதோட பிள்ளைங்கதான், பகல் கூட நாளைப் பகுக்குறதாலதான் பகல், வள்ளுவர் பகுத்துண்டுனு சொன்னதும் இதேதான். ஆக பகுவம்னு வைங்க.

---

> பகுவம்னு வைங்க

ஐயா கோவிச்சுக்காதீங்க, அவசரத்துல பக்குவம்னுதான் படிப்பாங்க.

வேரை விடுங்க, இந்தச் சொல்லு மூணு இடத்துல வரணும்: மொத்தத்தோடது, சர்வேல கெடச்சது, கருதுகோள்ல வச்சது. திட்டப்பிழைக்கு 0.56-ஐப் போடக்கூடாது, 0.5-ஐத்தான் போடணும், ஏன்னா இன்மைக் கருதுகோள் உண்மைனு வச்சுக்கிட்டுதானே சோதிக்கிறோம். பசங்க வழுக்குறது இங்கதான். இந்தக் கணக்குல 0.0248, 0.025 ரெண்டும் ஒட்டி நிக்குறதால தப்பு கண்ணுக்கே தெரியாது. அதனால முன்னாடி ஒட்டு சேர்த்தாலும் நாக்கு சுளுக்காத சொல்லா வேணும், பாப்புலேஷனுக்கு முழுமைத்தொகுதினு போட்டு முழுமைத்தொகுதி விகிதசமம்னு எழுதினா பாதி வரி போயிடுது. என் ஓட்டு பங்களவு: மொத்தப் பங்களவு, கூறுப் பங்களவு, கருதிய பங்களவு.

---

பங்களவு பங்களா மாதிரி இருக்குக்கா :) விழுக்காடு இருக்கப்ப புதுசு எதுக்கு? ஒருத்தருக்கு விழுற பங்குதானே விழுக்காடு.

---

> விழுக்காடு இருக்கப்ப

அது நூத்துக்கு எவ்ளோங்குற பொருள்ல உறைஞ்சு போச்சுப்பா. விழுக்காடு 0.56-னு எழுதினா அரை சதவீதம்னு எடுத்துக்குவாங்க.

---

குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும், நல்லவேளை தம்பி இன்மைக் கருதுகோள்னு எழுதினாரு. நான் சூனியக் கருதுகோள்னு சொன்னப்ப யாருக்கு சூனியம் வச்சாங்கனு வகுப்பே சிரிச்சுது. அதோட 0.5 எப்படி சூனியமாகும்? 1935-ல புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் இங்கிலீஷ்ல 'நல்'ங்குற அந்தப் பேரை வச்சதே இல்லாம ஆக்கிப் பாக்க நிறுத்துற கருதுகோள்ங்குற அர்த்தத்துல, பூஜ்யத்துக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. பாக்கப்போனா இன்மையும் சரியில்ல, மறுகோள்னு வைக்கலாம்.

---

மறுகோள்னா இதுக்கு எதிரா நிக்குற மாற்றுக் கருதுகோள்னு நெனச்சுக்குவாங்களே! ஏற்கெனவே கோள்னா கிரகமா, கோள்மூட்டுறதானு கேக்குறாங்க. கொள் நீண்டு கோள்னு ஆச்சு, முதனிலை திரிந்த தொழிற்பெயர்னு விளக்கி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடும். இதைத் தனி இழையில வச்சுக்கலாம், ப்ளீஸ்.

---

அப்ப பங்களவுக்கு நாலு பேரு, விகிதசமத்துக்கு யாருமில்ல, பகுவத்துக்கு ஐயா மட்டும். நான் பங்களவுனே டைப் பண்ணிட்டேன், ஃபைல் போயாச்சு. முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் புத்தகத்துல விகிதசமம்னு இருக்கும்னு அடிக்குறிப்பு போட்டிருக்கேன், பரீட்சையில அதுதானே வரும்.

---

போகட்டும் தம்பி. ஆனா பங்களவுல பங்கும் அளவும்னு ரெண்டு பெயர்ச்சொல் முட்டிக்கிட்டு நிக்குது, பகுவம் ஒரே சொல். அடுத்த பதிப்புக்குக் கேளுங்க, மறுபடி எழுதறேன்.