பழைய அமெரிக்கச் சுவரொட்டி: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

கல்பனா சித்தி: இளங்கோ, ஜூன் 26 போதை ஒழிப்பு நாளுக்கு எங்கள் பள்ளியில் கண்காட்சி வைக்கிறோம். நீ நேற்று அனுப்பிய பழைய அமெரிக்கச் சுவரொட்டியைப் பெரிதாக அச்சிட்டு வாசலில் ஒட்டலாமா? பார்த்த மாத்திரத்தில் பயம் வருகிறது.

இளங்கோ: வாசலில் வேண்டாம் சித்தி. அதன் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு கஞ்சா சிகரெட்டைக் காட்டி, அதற்குள் கொலையும் பைத்தியமும் சாவும் பதுங்கியிருப்பதாகச் சொல்கிறது. சிரித்துப் பேசும் அந்நியர் அதை நீட்டுவார், தேநீர்ப் பாத்திரத்தில்கூடக் கலந்துவிடுவார்கள் என்கிறது. அந்நாட்டுப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் தலைவராக 1930 முதல் 1962 வரை இருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கரும் இதே பாணியில்தான் பேசினார். 1933இல் டாம்பா நகரில் ஓர் இளைஞன் தன் குடும்பத்தைக் கோடரியால் வெட்டிக் கொன்றதற்குக் கஞ்சாவே காரணம் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். அந்த இளைஞனுக்குக் கடும் மனநோய் இருந்ததை மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள்.

சுந்தரம் பெரியப்பா: பிள்ளைகள் கெட்டுப்போகாமல் இருக்கக் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொன்னால்தான் என்ன, தம்பி?

இளங்கோ: அந்தப் பயம் நிலைக்கவில்லை, பெரியப்பா. பெற்றோரை எச்சரிக்க 1936இல் எடுத்த 'ரீஃபர் மேட்னெஸ்' படத்தில், கஞ்சா புகைத்தவர்கள் வெறிபிடித்துச் சிரிக்கிறார்கள், கொலையில் சிக்குகிறார்கள், ஒரு பெண் சன்னல் வழியே குதித்துச் சாகிறாள். 1970களில் கஞ்சாத் தடையை நீக்கப் போராடியவர்களே அதைக் கல்லூரிகளில் திரையிட்டார்கள். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பக்கத்தில் புகைத்த நண்பன் யாரையும் வெட்டவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட பையன், ஹெராயினைப் பற்றி நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டான் என்பதுதான் என் கவலை. வளரும் வயதில் தொடர்ந்து கஞ்சா புகைத்தால் நினைவாற்றலும் கவனமும் பாதிக்கப்படும், சிலருக்கு மனநோய் வரும் ஆபத்தும் கூடும். இவ்வளவும் உண்மையாக இருக்கும்போது கோடரி எதற்கு?

சுந்தரம் பெரியப்பா: நீ சொல்வது சரியாகத்தான் படுகிறது. ஆனால் வெறும் எழுத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று படிக்க மாட்டார்கள், படமும் வேண்டும்.

கல்பனா சித்தி: அப்படியானால் அந்தச் சுவரொட்டியை உள்ளே ஒரு பலகையில் வைத்து, எது பொய், எது மெய் என்று அருகிலேயே எழுதிவிடுகிறேன். வாசலுக்கு நீ சொன்ன நினைவாற்றல் செய்தியை நான்கு வரியில் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு; ஓவிய ஆசிரியர் திங்கட்கிழமை வரையத் தொடங்குகிறார்.