"அதே மாதிரிதானே சார்?"

வாலாஜா டைமர்:

அணுமின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு இப்போது வாலாஜாவில் இருக்கிறேன். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். சிப்காட்டில் பட்டறை வைத்திருக்கும் என் மச்சினன் போன வாரம் கேட்டான்: "ஏன் மாமா, ஒரு ரிலே மாத்த எட்டு மாசமா? நான் ஒரு டீ குடிக்கிற நேரத்துல மோட்டாரையே மாத்திடுவேனே."

அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அது டைமர் ரிலே, அதாவது நேரம் எண்ணி இயங்கும் ஒரு சுவிட்ச். நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர் தானாக ஓட ஆரம்பிக்கும். ஆனால் எல்லா பம்ப்பையும் ஒரே நேரத்தில் அதன் தலையில் கட்ட முடியாது. வோல்டேஜ் விழுந்து இன்ஜினே படுத்துவிடும். அதனால் சில விநாடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அந்த விநாடிகளை எண்ணுவதுதான் இந்த ரிலேயின் வேலை. பழையது காற்றில் இயங்குவது. உள்ளே ஒரு துருத்தி, ஒரு சின்னத் துளை, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதே கம்பெனி மாற்று மாடல் ஒன்றைக் கொடுத்தது. அதே அளவு, மாட்டுவதற்கு அதே ஸ்க்ரூ துளைகள், அதே காயில் வோல்டேஜ். நானும் மாற்றத்துக்கான படிவத்தில் "செயல்பாட்டில் மாற்றம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நிலையத்தின் ஆய்வுக் குழுவிலிருந்து ஒரே கேள்வியோடு திரும்பி வந்தது: "உள்ளே என்ன இருக்கிறது?"

திறந்து பார்த்தோம். துருத்தி இல்லை. ஒரு சின்ன போர்டு, அதில் ஒரு சிப். அதாவது உள்ளே ஒரு புரோகிராம் ஓடுகிறது. கேட்லாக்கில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அப்புறம்தான் கதை ஆரம்பித்தது. அந்த புரோகிராமை எழுதியது யார், சோதித்தது யார்? மின்சாரம் ஒரு நொடி விட்டு வந்தால் எண்ணிக்கையைத் தொடருமா, முதலிலிருந்து ஆரம்பிக்குமா? நிலநடுக்க மேடையில் வைத்து ஆட்டினார்களா? எனக்கு மறக்காதது வாக்கிடாக்கி. ஆய்வுக்கு வந்த பெரியவர், பக்கத்தில் நின்ற பையனை பேனல் அருகே போய் வாக்கிடாக்கி பட்டனை அழுத்தச் சொன்னார். அந்த ரேடியோ அலையில் சிப் குழம்பி, டக் என்று ரிலே அணைந்தது. யாரும் பேசவில்லை. எனக்கு வியர்த்தது, அது அக்னி நட்சத்திர வியர்வை இல்லை.

ஆனால் இதைவிடப் பெரிய விஷயத்தை அவர் டீ குடிக்கும்போதுதான் சொன்னார். பாதுகாப்பு சாதனங்களை இரண்டு தனித்தனி வரிசையாக வைப்பதே, ஒன்று கெட்டாலும் இன்னொன்று நிற்கும் என்பதற்காக. காற்று ரிலே ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தனியாகக் கெடும். புரோகிராமில் தப்பு இருந்தால் இரண்டு வரிசையிலும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கெடும். அப்படியானால் இரண்டு இருந்தும் ஒன்றுதான். எட்டு மாதத்தில் பாதி இதற்கே போனது.

முக்கியமான மாற்றம் என்றால் நிலையக் குழுவோடு முடியாது. 1983 நவம்பரில் தொடங்கிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போகும். அங்கே ஒரு குழு, அதற்கு மேல் இயங்கும் நிலையங்களுக்கான பாதுகாப்பு ஆய்வுக் குழு. 'சார்காப்' என்போம். கடைசியில் சிப் இல்லாத வேறொரு மாடலைத் தேடிப் பிடித்துப் போட்டோம். வரைபடங்கள், ஆபரேட்டர் கையேடு எல்லாம் திருத்தினோம். ஸ்டோரிலும் பழைய பார்ட் நம்பரை நீக்க வேண்டும், இல்லையென்றால் ராத்திரி ஷிப்டில் யாராவது நல்ல மனசோடு எதையாவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

சிப்காட் கியூசி:

ஐயா, ராணிப்பேட்டையில் ஒரு வால்வு பட்டறையில் தரம் பார்க்கிறேன். அணுமின் ஆர்டர் ஒன்று வந்தபோது எங்கள் ஃபிட்டர் அண்ணன் பழக்கதோஷத்தில் திரெட்டில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டார். இங்கே குடிதண்ணீர் குழாயிலிருந்து தோல் ஷாப் லைன் வரை எல்லாவற்றிலும் அதைத்தானே சுற்றுகிறோம்? ஆய்வுக்கு வந்தவர் அந்த லாட்டையே நிறுத்திவிட்டார். கதிர்வீச்சில் டெஃப்லான் சீக்கிரம் பொடிந்துபோகும், அதிலிருந்து வெளிவரும் ஃப்ளூரைடு உலோகத்தை அரிக்கும் என்றார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நம்பர் எழுதும் மார்க்கர் பேனாவுக்குக்கூட குளோரைடு அளவு போட்ட சான்றிதழ் கேட்டார். பேனாவுக்குமா என்று சிரித்தோம். குளோரைடு பட்ட இடத்தில்தான் பின்னாளில் மயிரிழை விரிசல் வரும் என்று போட்டோ காட்டினார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

காட்பாடி கிராசிங்:

அமெரிக்காவில் சான் ஒனோஃப்ரே நிலையத்தில் நடந்ததும் இந்த 'அதே மாதிரி' கதைதான். நீராவி ஜெனரேட்டர்களை, அதாவது உலையின் வெப்பத்தில் நீராவி தயாரிக்கும் கலன்களை, மாற்றினார்கள். முன்கூட்டியே ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வாங்கத் தேவையில்லாத அளவு மாற்றம்தான் என்று கணக்குக் காட்டினார்கள். ஆனால் ஒன்றுக்குள் இருந்த குழாய்கள் 9,350-லிருந்து 9,727 ஆகியிருந்தன, உலோகமும் வேறு. 2012 ஜனவரியில் ஒரு குழாய் கசிந்தது. திறந்து பார்த்தால் குழாய்கள் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. 2013 ஜூனில் இரண்டு உலைகளையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். வாலாஜா ஐயா, உங்கள் எட்டு மாதம் மலிவுதான். அந்தப் படிவத்துக்குத் திட்டு வாங்கினீர்களா?

வாலாஜா டைமர்:

திட்டவில்லை தம்பி. படிவத்தை என் கையில் கொடுத்து, அந்த ஒரு வரியை நானே அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார்கள். திட்டியிருந்தால் தேவலை.

மச்சினனுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தான். போன ஆடியில் எங்கள் கிணற்று மோட்டாருக்கு அவன்தான் புது ஸ்டார்ட்டர் மாட்டினான், "அதே மாதிரிதான் மாமா" என்று. இன்று காலை இரண்டு பேரும் போய் மூடியைக் கழற்றினோம். ஐந்து எச்பி மோட்டார். மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே, பழையது 6 முதல் 10 ஆம்பியர் வரை. இவன் மாட்டியது 9 முதல் 15. மோட்டார் கொஞ்சம் அதிகமாக இழுத்துச் சூடேறினாலும் அது அசையாது. டவுனுக்கு வாங்கப் போயிருக்கிறான்.