ராஜினாமா லெட்டர்: தீபாவளிக்கு முன்னயா, பின்னயா? எப்படி எழுத?

வண்ணாரப்பேட்டை வாசி:
வணக்கம். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில ஒரு வாகன ஷோரூம்ல கணக்குப் பிரிவு வேலை. சேர்ந்தது 2020 டிசம்பர் 14. மொத்தச் சம்பளம் 24,000. அதுல பேசிக் 12,000. கோயம்புத்தூர்ல வேலை கிடைச்சிருக்கு, 2025 அக்டோபர் 27-ல சேரணும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல "30 நாள் முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளம்"னு இருக்கு. வர்ற திங்கள், 6-ஆம் தேதி லெட்டர் கொடுக்கலாம்னு நினைக்கேன். 20-ஆம் தேதி தீபாவளி, போனஸ் கைக்கு வந்தப்புறம் கொடுன்னு கூட உள்ளவங்க சொல்லுதாங்க. எழுதி வச்சது இது:

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, நான் தங்கள் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக உண்மையுடனும் விசுவாசத்துடனும் பணியாற்றி வருகிறேன். தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக ராஜினாமா செய்ய விரும்புகிறேன். தாங்கள் பெரிய மனது கொண்டு என்னைக் கூடிய விரைவில் விடுவிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்."

சரியா இருக்கா?

பாளை கணக்கர்:
தம்பி, இது லெட்டர் இல்ல, மனு. லீவு கேக்குத மாதிரி இருக்கு.

முதல் கோளாறு "விரும்புகிறேன்". விருப்பத்தைச் சொன்னா "யோசிச்சுச் சொல்லுதோம்"னு ஃபைல்ல போட்டு வச்சிருவாங்க. பத்து நாள் கழிச்சுக் கேட்டா "நீ விருப்பம்னுதான எழுதியிருந்த"ன்னு பதில் வரும். "ராஜினாமா செய்கிறேன்"னு முடிக்கணும். அடுத்தது "கூடிய விரைவில்". அது அவங்க கையில தேதியைக் கொடுக்குறது. கடைசி வேலை நாளை நீங்களே நாள், மாதம், வருஷத்தோட எழுதுங்க.

"ஐந்து ஆண்டுகளாக" தப்பு. இன்னும் அஞ்சு முடியல. சேர்ந்த தேதியை அப்படியே போடுங்க. குடும்பச் சூழ்நிலையும் வேண்டாம். புதுக் கம்பெனியில இருந்து விசாரிச்சு போன் வந்தா, "வீட்டுல கஷ்டம்னுல்லா சொல்லிட்டுப் போனான்"னு ஒரு வார்த்தை போதும், வம்பாயிரும். காரணம் எழுதியே ஆகணும்னு ஒண்ணும் கிடையாது. உண்மை, விசுவாசம் எல்லாம் அவங்க தர்ற அனுபவச் சான்றிதழ்ல வரவேண்டிய சொல். நம்ம லெட்டர்ல நாமளே எழுதிக்கிடக் கூடாது.

இன்னொண்ணு. கணக்குப் பிரிவு ஆள் போனா முதலாளிக்கு முதல்ல வர்ற பயம் ஜிஎஸ்டி. செப்டம்பர் மாச விற்பனைக் கணக்கு ஜிஎஸ்டிஆர்-1 அக்டோபர் 11-க்குள்ள, வரி கட்டுற படிவம் 3பி 20-க்குள்ள போகணும். அந்த 20 தீபாவளி அன்னைக்கே விழுது. அதை முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் போறேன்னு ஒரு வரி எழுதினா பாதிக் கோபம் அடங்கிரும். இப்படி வச்சுக்கோங்க:

"நாள்: 06-10-2025
பெறுநர்: நிர்வாகப் பங்குதாரர் அவர்கள் (மேலாளர் வழியாக)
பொருள்: பணியிலிருந்து ராஜினாமா
ஐயா, 14-12-2020 முதல் கணக்கு உதவியாளராகப் பணிபுரியும் நான், இக்கடிதத்தின் மூலம் என் பணியை ராஜினாமா செய்கிறேன். என் கடைசி வேலை நாள் 26-10-2025. பணி ஆணைப்படியான 30 நாளில் குறையும் 10 நாள்களை என் இருப்பு விடுப்பில் ஈடுகட்டவும், மீதம் இருப்பின் கணக்குத் தீர்வில் கழித்துக்கொள்ளவும் வேண்டுகிறேன். செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டையும் தாக்கல் செய்து, பொறுப்புகளைப் பட்டியலிட்டு ஒப்படைப்பேன். விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ், கணக்குத் தீர்வு விவரம் வழங்க வேண்டுகிறேன். இங்கு பணிபுரிய வாய்ப்பளித்தமைக்கு நன்றி."

அவ்வளவுதான், ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல யார் கையெழுத்து இருக்கோ அவர் பதவிக்கே எழுதுங்க. ஆர்டர் இங்கிலீஷ்ல இருந்தா லெட்டரும் இங்கிலீஷ்ல இருக்கட்டும். தமிழ்ல எழுதினா செல்லாதுன்னு யாராவது சொன்னா நம்பாதிய.

கோயம்புத்தூர் ஆர்டர் கையெழுத்தோட மெயில்ல வந்திருக்கணும். போன்ல "வாங்க"ன்னு சொன்னதை நம்பி இந்த லெட்டரை நீட்டக் கூடாது.

தாமிரபரணி 71:
எண்ணிக்கையைக் கொஞ்சம் பாப்போம். 6-ஆம் தேதி கொடுத்தா 7-ல இருந்து 30 நாள், நவம்பர் 5-ல முடியும். 26-ல நின்னா 20 நாள் ஆச்சு, 10 நாள் குறைவு. மாசத்தை 30-ஆ வகுத்தா மொத்தச் சம்பளத்துல நாளைக்கு 800, ஆக 8,000 பிடிப்பாங்க. பேசிக்ல கணக்குப் போட்டா 4,000. ஆர்டர்ல "சம்பளம்"னு மொட்டையா இருக்குதால மொத்தத்துலதான் பிடிக்கப் பாப்பாங்க, முதல்லயே கேட்டுக்கோங்க. லீவை ஈடுகட்ட விடுறது கம்பெனி சம்மதம், நம்ம உரிமை இல்ல.

போனஸுக்காகக் காத்திருந்து 21-ல கொடுத்தா? 26 வரைக்கும் 5 நாள்தான் ஓடும், 25 நாள் குறைவு, 20,000 போச்சு. அதாவது காத்திருக்க விலை 12,000.

இத்தனைக்கும் காத்திருக்கவே வேண்டாம். 2024-25 கணக்காண்டு மார்ச் 31-ல முடிஞ்சுட்டு. 20 பேருக்குக் குறையாத கடையா இருந்து, அந்த வருஷத்துல 30 நாளாவது வேலை பார்த்திருந்து, பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 21,000-க்கு உள்ள இருந்தா, போனஸ் சட்டப்படி குறைஞ்சது 8.33 சதவீதம் உண்டு. கணக்காண்டு முடிஞ்ச 8 மாசத்துக்குள்ள, நவம்பர் 30-க்குள்ள தரணும். ராஜினாமா பண்ணுனதால அது போகாது. மோசடி, திருட்டு, வன்முறை மாதிரி காரணத்துக்கு வேலையை விட்டு நீக்கினாத்தான் போகும். அதுக்கு மேல முதலாளி மனசாரக் கொடுக்குற தீபாவளிக் கவர் வேற. அதுக்குச் சட்டம் கிடையாது.

கிராஜுவிட்டியை (பணிக்கொடை) யாரும் கேக்கலியே? 10 பேரோ அதுக்கு மேலயோ உள்ள கடைன்னா உண்டு. உங்களுக்கு 4 வருஷம் 10 மாசம். "அஞ்சு முடியல"ன்னு கையை விரிப்பாங்க. ஆனா அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா அதுவும் ஒரு வருஷந்தான்னு சென்னை உயர் நீதிமன்றம் 1998-லயே சொல்லியிருக்கு. 2024 டிசம்பர் 14-ல இருந்து 26-ஆம் தேதி வரை 317 நாள். ஞாயிறைக் கழிச்சாலும் 240 தாண்டுது. 12,000-ஐ 15-ஆல பெருக்கி, 26-ஆல வகுத்து, 5 வருஷத்துக்குப் போட்டா 34,615 ரூபாய். சும்மா விடுற காசா? வேலையை விட்டு நின்ன 30 நாளுக்குள்ள தனியா எழுதிக் கேளுங்க. ராஜினாமா லெட்டர்ல இதை இழுக்காதீங்க.

வண்ணாரப்பேட்டை வாசி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. கிராஜுவிட்டி நினைப்பே இல்ல. ஒரு சந்தேகம்: மேனேஜர் லெட்டரை வாங்கி மேஜை டிராயர்ல போட்டுட்டு "பாத்துக்கிடலாம்"னு சொன்னா?

தாழையூத்துக்காரன்:
அப்படித்தான் சொல்லுவாவ. ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போங்க. ரெண்டாவதுல "அசல் பெற்றுக்கொண்டேன்"னு கையெழுத்து, பேர், தேதி, சீல். தேதியை அவர் கையாலயே எழுதச் சொல்லுங்க. வெறும் கையெழுத்துன்னா என்னைக்கு வாங்குனதுன்னு பின்னால சண்டை வரும். அன்னைக்கே அதே லெட்டரை ஸ்கேன் பண்ணி உங்க சொந்த மெயில்ல இருந்து அனுப்பணும். ஆபீஸ் மெயிலை நின்ன அன்னைக்கே மூடிருவாங்க, ஆதாரமும் அதோட போயிரும்.

கையெழுத்துப் போட மாட்டேன்னா தபால்தான். ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. பாளையங்கோட்டை ஹெட் போஸ்ட் ஆபீஸ் கவுன்டர்ல ஸ்பீட் போஸ்ட்ல பதிவும், சேர்த்ததுக்கான அத்தாட்சியும் சேர்த்துக் கேளுங்க. வாங்க மறுத்துத் திரும்பி வந்தா உறையைப் பிரிக்காம அப்படியே வைக்கணும்.

ஒப்படைக்கும்போது டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) பாஸ்வேர்டை மட்டும் எழுதிக் கொடுத்துட்டு வந்துராதிய. ஜிஎஸ்டி தளத்துலயும் பேங்க்லயும் ஓடிபி யார் நம்பருக்குப் போகுதுன்னு பாருங்க. சின்னக் கடைகள்ல கணக்கர் நம்பர்தான் இருக்கும். மாத்தாம வந்தா மாசாமாசம் போன் வரும். ஏதாவது குளறுபடி ஆனா உங்க நம்பர்தான் முன்ன நிக்கும்.

பாளை கணக்கர்:
பி.எஃப்.பத்தி ஒண்ணு. இப்ப எடுக்காதீங்க, அதே யூஏஎன்-ல (பி.எஃப். கணக்கு எண்) புதுக் கம்பெனிக்கு மாத்துங்க. அஞ்சு வருஷம் முடியாம எடுத்தா வரி வரும், பென்ஷனுக்கான 10 வருஷக் கணக்கும் அறுந்துரும். வேலை விட்ட தேதியைப் பழைய கம்பெனி ஏத்தலைன்னா, கடைசிப் பணம் கட்டின மாசத்துல இருந்து 2 மாசம் கழிச்சு ஆதார் ஓடிபி வச்சு நீங்களே ஏத்தலாம், அதுக்காக என்.ஜி.ஓ. காலனி பி.எஃப். ஆபீஸுக்கு அலைய வேண்டாம்.

"எல்லாம் பெற்றுக்கொண்டேன், பாக்கி ஏதுமில்லை"ன்னு ஒரு தாளை நீட்டுவாங்க. பணம் அக்கவுன்ட்ல ஏறின பிறகு கையெழுத்து. கிராஜுவிட்டி தகராறு இருந்தா "கிராஜுவிட்டி நீங்கலாக"ன்னு உங்க கையாலயே எழுதிட்டுப் போடுங்க.