நான்கு நாடுகளில் ஒரே மாநாடு: ஒத்திகையில் எதிரொலி, உறைந்து நிற்கும் படம். உதவி தேவை

மாநாட்டுப்பணி:
அனைவருக்கும் வணக்கம். மார்ச் 17 முதல் 19 வரை ஓர் ஆய்வு மாநாட்டை ஒரே சமயத்தில் நான்கு அரங்குகளில் நடத்துகிறோம். ஒன்று மத்திய ஐரோப்பாவில், ஒன்று வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மற்ற இரண்டும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும். ஒவ்வோர் அரங்கிலும் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். பயணச் செலவுக்கு வழியில்லாமல் இதுவரை வர முடியாத இளம் ஆய்வாளர்கள் பலர் இந்த முறை கட்டுரை வாசிக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இது நன்றாக நடக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நேற்று முதல் ஒத்திகை. யார் பேசினாலும் அரை நொடி கழித்து அதே குரல் திரும்பி வந்தது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் மூன்று பக்கமும் புகார். ஆஸ்திரேலிய அரங்கில் மட்டும் எல்லாம் தெளிவாக இருப்பதாகச் சொன்னார்கள். ஜப்பான் அரங்கின் படம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அப்படியே நின்றுவிடும். அப்புறம் விட்டதைப் பிடிப்பது போல வேகமாக ஓடும். வீட்டிலிருந்து நேரலை பார்ப்பவர்களின் கேள்வியோ, அடுத்தவர் பேசத் தொடங்கிய பிறகுதான் வந்து சேர்கிறது.

ஐரோப்பாவை முதன்மை அரங்காக வைத்து, அங்கிருந்து மற்ற மூன்றுக்கும் அனுப்புவதுதான் திட்டம். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஒலிமேடை:
முதலில் ஒலி. படம் மங்கினால் சபை பொறுத்துக்கொள்ளும். குரல் கேட்காவிட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடும்.

உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. எதிரொலி எந்த அரங்கில் கேட்கவில்லையோ, கோளாறு அங்கேதான். அமெரிக்காவில் ஒருவர் பேசுகிறார். அந்தக் குரல் ஆஸ்திரேலிய அரங்கின் ஸ்பீக்கரில் ஒலித்து, அங்குள்ள மைக்கிலோ மிக்சரிலோ (ஒலிகளைக் கலக்கும் கருவி) நுழைந்து, மறுபடி எல்லோருக்கும் போகிறது. ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் அது திரும்பாது, ஏனென்றால் அனுப்புவதே அவர்கள்தான். சும்மா இருப்பவர்மீது யாருக்கும் சந்தேகம் வராது. பெரும்பாலும் புகார் சொன்ன அரங்கைத்தான் பிரித்து மேய்வார்கள்.

அங்கே மூன்றைப் பாருங்கள். மிக்சரின் முதன்மை வெளியீட்டையே லேப்டாப்புக்குக் கொடுத்திருக்கிறார்களா? அப்படியானால் வெளியிலிருந்து வரும் ஒலியும் சேர்ந்து திரும்பிப் போகும். தனியாக ஓர் ஆக்ஸ் (துணை) வெளியீடு எடுத்து, அதில் அரங்கின் மைக்குகளை மட்டும் ஏற்றி, வெளியிலிருந்து வரும் குரலை முழுவதுமாகக் குறைத்துவிட வேண்டும். இதை மிக்ஸ் மைனஸ் என்போம். அடுத்து, சபையில் யாராவது அதே கூட்டத்தில் தன் லேப்டாப்பிலும் இணைந்து ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருக்கிறார்களா? கடைசியாக, அரங்கின் ஒலிக் கருவியும் கூட்ட மென்பொருளும் இரண்டுமே எதிரொலி நீக்கத்தை ஓட்டுகின்றனவா? அப்படி இருந்தால் வார்த்தைகளின் நுனி வெட்டுப்படும். ஏதாவது ஒன்று மட்டும் போதும்.

வலைக்கண்:
ஜப்பான் படத்துக்கு ஒரு கேள்வி. அந்தக் கட்டடத்தின் ஃபயர்வால் (இணையப் பாதுகாப்புத் தடுப்பு) யூடிபி என்ற தகவல் அனுப்பும் முறையைத் தடுக்கிறதா?

கேட்பதற்குக் காரணம், நின்று பிறகு ஓடிப் பிடிக்கிறது என்று நீங்கள் எழுதியது. காணொளிக் கூட்டங்கள் இயல்பாக யூடிபியில் போகும். வழியில் ஒரு பாக்கெட், அதாவது தகவலின் ஒரு சிறு துண்டு, தொலைந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததைக் காட்டும், கண்ணுக்கு லேசாகச் சிதறியது போலத் தெரியும், அவ்வளவுதான். யூடிபி அடைபட்டிருந்தால் மென்பொருள் சத்தமில்லாமல் டிசிபி என்ற இன்னொரு முறைக்கு, 443 என்ற போர்ட் (வாயில் எண்) வழியாக, மாறிக்கொள்ளும். டிசிபி, தொலைந்த பாக்கெட் மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்த எல்லாவற்றையும் காக்க வைக்கும். அதனால்தான் படம் உறைகிறது.

கட்டடத்தின் நெட்வொர்க் பொறுப்பாளரிடம் நீங்கள் பயன்படுத்தும் சேவைக்கான யூடிபி போர்ட்டுகளின் பட்டியலைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். 3478 பெரும்பாலும் அதில் இருக்கும். அரங்கின் முதன்மைக் கணினி கண்டிப்பாகக் கேபிளில் இருக்க வேண்டும். காலி அரங்கில் வைஃபை அருமையாக வேலை செய்யும். எழுபது பேர் போனோடு உள்ளே வந்ததும் திணறும். ஒத்திகை காலி அரங்கில் நடப்பதால் இது கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது. இன்னொன்று, வேகச் சோதனையில் எல்லோரும் டவுன்லோடைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். உங்கள் அரங்கை மற்றவர்கள் பார்ப்பது உங்கள் அப்லோடில்தான். பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று, மாநாடு நடக்கப்போகும் அதே நேரத்தில் அரை மணி நேரம் அளந்து பாருங்கள்.

தாமதத்தில் ஒரு பகுதியை யாராலும் நீக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும், அதாவது 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லிநொடி. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கேபிள் சுற்றிப் போகும் தூரத்துக்கே 100 மில்லிநொடிக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, உரையாடல் இயல்பாக இருக்க ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது. படத்தைச் சுருக்குவது, விரிப்பது எல்லாம் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடுவீர்கள். ஆகவே குறுக்கே பேசும் வழக்கம் இங்கே சரிப்படாது. நெறியாளர் அரங்கின் பெயரைச் சொல்லி அழைத்த பிறகே பேச வேண்டும் என்று முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரலைக் கேள்விகள் தாமதமாவது கோளாறு அல்ல. அந்த வகை ஒளிபரப்பு காட்சியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்த பிறகே பார்ப்பவர் பக்கம் ஓடத் தொடங்கும். 20, 30 நொடி பின்தங்குவது சாதாரணம். பேச்சு நடக்கும்போதே கேள்விகளை எழுத்தில் வாங்கி ஒருவர் திரட்டி வைக்கட்டும். முதல் கேள்வியை எப்போதும் அரங்கிலிருந்து எடுங்கள். அதற்குள் வீட்டுக் கேள்விகள் வந்துவிடும்.

பழையஅரங்கு:
தொழில்நுட்பத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது "முதன்மை அரங்கு" என்ற சொல். ஓர் அரங்கு நடத்த, மூன்று அரங்குகள் வேடிக்கை பார்க்கும் மாநாட்டில், இரண்டாம் நாள் மற்ற மூன்றும் காலியாகிவிடும். ஒவ்வோர் அரங்கும் குறைந்தது ஓர் அமர்வைத் தானே தலைமையேற்று நடத்த வேண்டும்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை அல்ல. 1992 மார்ச்சில் சான் டியாகோவில் நடந்த, இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் இணையப் பொறியியல் பணிக்குழுக் கூட்டத்தின் ஒலியை மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு நேரடியாக அனுப்பினார்கள். பிறகு அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், பல இடத்து அரங்குகளை ஒலி, காட்சி வழியாக இணைக்கும் ஆக்சஸ் கிரிட் என்ற ஏற்பாடு உருவானது. 2001 நவம்பரில் டென்வரில் நடந்த சூப்பர் கம்ப்யூட்டிங் மாநாட்டோடு பல நாட்டு அரங்குகளை அதன்வழி இணைத்தார்கள். அந்த ஏற்பாட்டில் இன்றும் எடுத்துக்கொள்ளத்தக்கவை இரண்டு. ஒன்று, அரங்குகளை இயக்குபவர்கள் தங்களுக்குள் பேச, சபைக்குத் தெரியாத தனி எழுத்து அரட்டை வைத்திருந்தார்கள். மற்றொன்று, ஸ்லைடுகளைப் படமாக அனுப்பாமல் ஒவ்வோர் இடத்திலும் முன்கூட்டியே பிரதி வைத்து, பக்கம் புரட்டும் கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். இணைப்பு மோசமானாலும் எழுத்து கூர்மையாகத் தெரியும். நீங்களும் எல்லா ஸ்லைடுகளையும் பிடிஎஃப் ஆக முந்தின நாளே நான்கு இடத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.

நேர அட்டவணையை எப்படித் தயாரித்தீர்கள்?

மாநாட்டுப்பணி:
மூவருக்கும் நன்றி. ஆஸ்திரேலியாவில் முதன்மை வெளியீட்டைத்தான் கொடுத்திருக்கிறார்கள். மாற்றியதும் எதிரொலி நின்றுவிட்டது. ஜப்பானில் யூடிபி தடுக்கப்பட்டிருந்தது உண்மைதான். திறக்கக் கேட்டிருக்கிறோம்.

அட்டவணையை ஜனவரியில் போட்டோம். ஐரோப்பாவில் பகல் 12 மணி என்றால் அமெரிக்காவில் காலை 6 மணி என்ற கணக்கில் எல்லா அமர்வுகளையும் எழுதி, அழைப்பும் அனுப்பியாகிவிட்டது.

பழையஅரங்கு:
உடனே திருத்துங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்றுதான். உங்கள் மாநாடு சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது. அந்த நாள்களில் வித்தியாசம் 6 மணி நேரம் அல்ல, 5. அமெரிக்க அரங்கில் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்பே வந்து விடியற்காலையில் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதி, பக்கத்தில் நான்கு உள்ளூர் நேரங்களையும் போடுங்கள். யூடிசி 11 மணி என்றால் அமெரிக்காவில் காலை 7, ஐரோப்பாவில் பகல் 12, ஜப்பானில் இரவு 8, ஆஸ்திரேலியாவில் இரவு 10. நால்வருக்கும் ஓரளவு ஒத்துவருவது அங்கிருந்து தொடங்கும் இரண்டு மணி நேரம்தான், அதுவும் ஆஸ்திரேலியாவின் தயவில். மூன்று நாளும் அவர்களையே இரவு கண்விழிக்க வைக்காதீர்கள். ஒரு நாள் பொது அமர்வை யூடிசி 21 மணிக்கு மாற்றினால் அமெரிக்காவில் மாலை 5, ஆஸ்திரேலியாவில் மறுநாள் காலை 8. சிரமம் இரவு 10 மணிக்கு உட்காரும் ஐரோப்பாவுக்கும் காலை 6 மணிக்கு எழும் ஜப்பானுக்கும் போகும். மற்ற அமர்வுகளை இரண்டிரண்டு அரங்குகளாக, நேரம் ஒத்துவருபவர்களோடு நடத்தலாம். யூடிசி 8 மணி ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வசதியானது.

மொழிச்சாவடி:
உடனடி மொழிபெயர்ப்பு இருக்கிறதா? இருந்தால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். பேச்சாளர் மேசையை விட்டு நகர்ந்தால்கூட மைக் வாயருகே இருக்க வேண்டும். அரங்கில் இருப்பவர்கள் பாதி கேட்டு மீதியை ஊகிப்பார்கள், எங்களால் அது முடியாது. ஒரு மொழிக்கு இருவர் வேண்டும், சுமார் அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம். கட்டுரையையும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

மாநாட்டுப்பணி:
இருக்கிறது, ஜப்பானிய மொழிக்கு. ஒருவரைத்தான் பேசியிருந்தோம், இன்னொருவரையும் சேர்க்கிறோம். திருத்திய அட்டவணையும் போய்விட்டது.

நேற்று இரண்டாம் ஒத்திகை நடந்தது. படம் ஒரு மணி நேரம் நிற்கவே இல்லை. ஒரே ஒரு பயம் மிச்சம். முக்கிய உரையின் நடுவில் ஓர் அரங்கின் இணைப்பே போய்விட்டால்?

வலைக்கண்:
முக்கிய உரைகளை முன்கூட்டியே பதிவு செய்து வாங்கி, நான்கு அரங்குக் கணினிகளிலும் வைத்துவிடுங்கள். இணைப்பு போனால் அந்த அரங்கு தன் பதிவை விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம். கேள்வி நேரத்துக்குத் தொலைபேசி வழியாகக் கூட்டத்தில் இணையும் எண் ஒன்று தயாராக இருக்கட்டும். எப்போது மாறுவது என்ற முடிவை அந்தந்த அரங்கின் பொறுப்பாளரே எடுக்க வேண்டும், உங்களைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. மூன்றாம் ஒத்திகையில் யாரிடமும் சொல்லாமல் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.

மாநாட்டுப்பணி:
பிடுங்கினோம், இரண்டு அரங்குகளில். ஜப்பான் ஒன்றரை நிமிடத்தில் தொலைபேசியில் திரும்பி வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்கு ஆறு நிமிடம் ஆனது. இணையும் எண் அங்கே மின்னஞ்சலில் மட்டுமே இருந்திருக்கிறது. இப்போது நான்கு அரங்குகளிலும் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மிக்சர் மேசையில் ஒட்டியிருக்கிறார்கள்.